45 வருடத் தோழியோடு கம்போடியா: நட்பு கெட்டுவிடுமா என்று கேட்டவருக்கு

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். மன்னார்குடியில் ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடப் படித்த தோழி, இருவருக்கும் 51 வயது, நீங்கள் திருச்சியில் வங்கி வேலை, அவர் கோவையில் ஆசிரியை. வருடத்தில் மூன்று தடவை சந்திப்பீர்கள். மே விடுமுறையில் இருவர் மட்டும் 8 நாள் கம்போடியா போக ஆசை. அவருக்கு இது முதல் வெளிநாட்டுப் பயணம், அவர் சைவம், நீங்கள் எல்லாம் சாப்பிடுவீர்கள், உங்களுக்குக் கோயில் பைத்தியம், அவருக்கு அவ்வளவு இல்லை. எந்த இடங்கள், எத்தனை நாள், எவ்வளவு பணம் என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "என் நாத்தனார், கூடப் போனா நட்பு முறிஞ்சிடும்னு சொல்றாங்க, எனக்கு ராத்திரி தூக்கமே வரல." உங்கள் கேள்வி அந்த வரிதான். இடங்களைப் பற்றியும் சொல்கிறேன், ஆனால் அந்த வரிக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் 22 வருடங்களாக டூர் மேனேஜராக இருக்கிறேன். 12 பேர், 20 பேர் என்று சின்னக் குழுக்களைத் தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்கு அழைத்துப்போவது என் வேலை. அங்கோர் வாட் கோயில் இருக்கும் சியம் ரீப் ஊருக்கு மட்டும் 19 தடவை போயிருக்கிறேன். குழுவில் கணவன் மனைவி, அக்கா தங்கை வருவார்கள், உங்களைப் போல பால்ய சிநேகிதர்களும் வருவார்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நான் கவனித்ததெல்லாம் குழுவோடு வந்தவர்களைத்தான். குழுவில் சலிப்பு வந்தால் பக்கத்து இருக்கைக்காரரோடு பேசிக்கொண்டு போய்விடலாம், இரண்டே பேர் போகும்போது அந்த வசதி கிடையாது. அப்படி இருவராகப் போன அனுபவம் எனக்கு ஒன்றே ஒன்றுதான், என் சொந்தத் தோழியோடு. அதையும் சொல்கிறேன்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு மூன்று சந்திப்பு, ஒவ்வொன்றும் நாலு மணி நேரம் என்றால் 12 மணி நேரம். 8 நாள் பயணம் என்பது 192 மணி நேரம். அதாவது 16 வருடத்துச் சந்திப்பை ஒரே வாரத்தில் சந்திக்கப் போகிறீர்கள். உங்களுக்கு அவரைப் பத்து வயதில் அக்குவேறு ஆணிவேறாகத் தெரியும். எந்த டீச்சருக்குப் பயப்படுவார், டிபன் பாக்ஸில் எதை ஒதுக்கி வைப்பார் என்பது வரை தெரியும். ஆனால் 51 வயதில் அவர் காலையில் எத்தனை மணிக்கு எழுகிறார், எழுந்ததும் பேசுவாரா அல்லது காபி குடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசாமல் இருப்பாரா, எத்தனை மாத்திரை போடுகிறார், ஏசியை எத்தனையில் வைத்தால் தூக்கம் வரும், இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா? அவர் கணவருக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. முன்பின் தெரியாதவரோடு அறையைப் பகிர்ந்தால் இதையெல்லாம் கேட்டுக்கொள்வோம். பழகியவர் என்பதால் கேட்காமல் விடுகிறோம், பிரச்சினை அங்கே ஆரம்பிக்கிறது.

இன்னொன்று, இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நட்பில் சண்டை வந்தால் யாரோ ஒருவர் சுயநலமாக நடந்துகொண்டார் என்றுதான் நினைப்போம். நான் பார்த்தவரை பெரும்பாலும் அப்படி இல்லை, விட்டுக்கொடுப்பதால்தான் சண்டை வருகிறது. சில வருடங்களுக்கு முன் என் குழுவில் இரண்டு பெரியவர்கள், ஹாஸ்டல் காலத்திலிருந்து நண்பர்கள், அறுபது வயது தாண்டியவர்கள். அங்கோர் வாட்டில் சூரிய உதயம் பார்க்க 4.30 மணிக்கு ஹோட்டலிலிருந்து கிளம்ப வேண்டும். ஒருவர் நாலு மணிக்கே குளித்து வேட்டி கட்டி லாபியில் உட்கார்ந்துவிட்டார். மற்றவருக்கு உடம்பு அசதி, "நீ போய்ட்டு வாடா, நான் தூங்குறேன்" என்று சொல்லியிருக்கிறார். இவர் என்ன செய்தார் தெரியுமா, நண்பனை விட்டுவிட்டுப் போக மனசு வராமல் வண்டியை அனுப்பிவிட்டு லாபியிலேயே உட்கார்ந்திருந்தார். எட்டு மணிக்கு அவர் இறங்கி வந்ததும், "உனக்காகத்தான் நான் போகல" என்றார். "நான் போன்னு சொன்னேனேடா" என்றார் அவர். மூன்று நாள் இருவரும் பேசவில்லை. இரண்டு பேருமே நல்லவர்கள், இரண்டு பேருமே மற்றவருக்காகத்தான் நினைத்தார்கள். ஆனால் கேட்காமல் கொடுத்த தியாகத்துக்கு மனசுக்குள் ஒரு கணக்குப் புத்தகம் ஓடிக்கொண்டே இருக்கும், எதிராளிக்கு அதில் தன் பெயரில் எவ்வளவு பற்று ஏறியிருக்கிறது என்றே தெரியாது.

என் கதையும் இதே மாதிரிதான், ஆனால் தப்பு என் பக்கம். நானும் என் தோழியும் 2018-ல் சியம் ரீப் போனோம். அங்கோர் வாட்டின் உச்சி மாடத்துக்கு பாகான் என்று பெயர். பழைய கல் படிகள் செங்குத்தாக இருப்பதால் அவற்றின் மேல் கைப்பிடியோடு மரப்படி அமைத்திருக்கிறார்கள், அதுவும் நல்ல செங்குத்துதான். "இவ்ளோ தூரம் வந்துட்டு ஏறாம போறதா, வாடி" என்று கையைப் பிடித்து இழுத்தேன். சின்ன வயதில் மதில் சுவர் ஏறும்போதும் நான்தான் இழுப்பேன், அவள் வருவாள். அன்றும் வந்தாள். இறங்கும்போது பாதியில் உட்கார்ந்து அழுதாள். முழங்காலில் தேய்மானம், டாக்டர் படி ஏறவே கூடாது என்று சொல்லியிருக்கிறார், என்னிடம் சொன்னால் பயணத்தை ரத்து செய்துவிடுவேனோ என்று சொல்லவில்லை. தொழிலே இதுதான் என்று இருக்கிற நான், குழுவில் யார் வந்தாலும் முதல் நாளே மூட்டு வலி இருக்கிறதா என்று கேட்கிற நான், அவளிடம் கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கனக்கிறது. நட்பு போகவில்லை, நாங்கள் இன்றும் தினமும் பேசுகிறோம். ஆனால் மீதி நாலு நாளும் அவள் ஹோட்டல் நீச்சல் குளத்தருகே காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இதிலிருந்துதான் உங்களுக்கு முதல் யோசனை. சின்ன வயதில் யார் முன்னால் போனார், யார் பின்னால் வந்தார் என்பது பயணத்தில் அப்படியே திரும்பி வரும். "அவ ரொம்ப கூச்ச சுபாவம், எல்லாம் நான்தான் பாத்துக்குவேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் 25 வருடமாக வகுப்பறையில் நாற்பது பிள்ளைகளைச் சமாளிக்கிறவர். அவருடைய பாஸ்போர்ட், பணம், அறை அட்டை, சிம் எல்லாம் அவரிடமே இருக்கட்டும். குடியேற்றச் சோதனையில் எப்படியும் ஒவ்வொருவராகத்தான் கூப்பிடுவார்கள், எங்கே தங்குகிறீர்கள், திரும்பும் டிக்கெட் எங்கே என்று அவரைத்தான் கேட்பார்கள். அதனால் கம்போடியா இ-விசாவையும், விமானத்தில் வருபவர்கள் நிரப்ப வேண்டிய இணையவழி வருகைப் படிவத்தையும் அவரே உட்கார்ந்து நிரப்பட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். அப்புறம் 8 நாளில் இரண்டு நாளை முழுக்க அவருக்கு ஒதுக்குங்கள். எங்கே போவது, எத்தனை மணிக்கு, எதில் போவது எல்லாம் அவர் முடிவு. அந்த நாளில் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது, அது உங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும்.

கோயில் பைத்தியம் விஷயத்துக்கு வருகிறேன். இதற்கு அங்கோர் நுழைவுச் சீட்டே ஒரு வழி வைத்திருக்கிறது. ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் சீட்டு 62 டாலர், ஏழு நாள் சீட்டு 72 டாலர், 2017-லிருந்து இந்த விலைதான். மூன்று நாள் சீட்டை அடுத்தடுத்த நாட்களில் பயன்படுத்த வேண்டிய கட்டாயம் இல்லை, பத்து நாட்களுக்குள் எந்த மூன்று நாளானாலும் போகலாம். சீட்டில் ஒவ்வொருவர் படமும் அச்சாகும், மாற்றிக்கொள்ள முடியாது. அதனால் நீங்கள் மூன்று நாள் சீட்டு எடுங்கள், அவர் விரும்பினால் ஒரு நாள் சீட்டு மட்டும் எடுக்கட்டும். "நீ எடுத்தா நானும் எடுக்கிறேன்" என்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர் வரும் அந்த ஒரு நாளில் இருவரும் ஒன்றாக அங்கோர் வாட், பேயோன், மரவேர்கள் கோயிலைக் கவ்விக்கொண்டு நிற்கும் தா ப்ரோம் மூன்றையும் பாருங்கள். அங்கோர் வாட்டில் கிழக்குப் பக்கத்துச் சுற்றில் பாற்கடல் கடையும் சிற்பத் தொடர் ஏறக்குறைய 49 மீட்டர் நீளம். கோயிலில் ஆர்வமில்லாதவர்கள்கூட அங்கே நின்றுவிடுவார்கள், கதை நமக்குத் தெரிந்த கதை, வாசுகியைப் பிடித்து இழுக்கிற ஒவ்வொரு அசுரன் முகத்தையும் பார்த்துக்கொண்டே நடக்கலாம்.

அந்த ஒரு நாளில் மற்றவற்றில் எதை விட்டாலும் பரவாயில்லை, பந்தேய் ஸ்ரெய்க்கு மட்டும் அவரையும் அழைத்துப்போகப் பாருங்கள். 967-ல் பிரதிஷ்டை ஆன சிவன் கோயில், அரசன் கட்டியதல்ல, அரசவையில் இருந்த யக்ஞவராகர் என்பவர் கட்டியது. சின்னக் கோயில், இளஞ்சிவப்பு மணற்கல், ஏறி இறங்கப் படிகள் அதிகம் இல்லை, ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். அங்கே ஆடுகிற சிவனின் காலடியில் வற்றிய உடலோடு ஒரு பெண் உருவம் இருக்கிறது. அதைக் காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். மன்னார்குடியில் வளர்ந்த இரண்டு பேர் நம் பக்கத்துக் காரைக்கால்காரியை அவ்வளவு தூரத்தில் பார்ப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் முதல் தடவை பார்த்தபோது வழிகாட்டி சொல்லித்தான் தெரிந்தது, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

மே மாதம் என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஏப்ரல், மே அங்கே கடும் வெயில், மழையும் தொடங்குகிற நேரம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் நல்ல பருவம். ஆசிரியைக்கு மே மாதம்தான் விடுமுறை என்றால் வேறு வழியில்லை, காலை ஐந்து மணியிலிருந்து பத்து மணிவரை வெளியே, பிறகு ஹோட்டல், மூன்றரை மணிக்கு மேல் மறுபடி வெளியே என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மதிய ஓய்வு வெயிலுக்காக மட்டுமல்ல. தினமும் இரண்டு மணி நேரமாவது இருவரும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒருவர் தூங்கட்டும், ஒருவர் காபி கடைக்குப் போகட்டும். நம் பெண்களுக்கு இது ரொம்பச் சங்கடம், "நான் கொஞ்ச நேரம் தனியா இருக்கேன்" என்றால் "ஏண்டி, கோவமா?" என்று கேட்போம். அதனால் கிளம்பும் முன்பே இதைப் பேசி வையுங்கள், தனியாக இருப்பது கோபம் இல்லை என்று இருவரும் ஒத்துக்கொண்ட பிறகு அந்தக் கேள்வியே வராது.

அறை ஒன்றா இரண்டா என்று கேட்டிருந்தீர்கள். பணம் இடம் கொடுத்தால் இரண்டு அறை. சியம் ரீப்பில் மே மாதம் சுற்றுலா குறைவான காலம், அறை வாடகை இறங்கியிருக்கும். ஒரே அறை என்றால் முன்பதிவு செய்யும்போது இரண்டு தனிக் கட்டில் என்று கேளுங்கள், கேட்காவிட்டால் ஒரே பெரிய கட்டில் போட்டிருப்பார்கள். குறட்டை உண்டா என்று வெட்கப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு விஷயம், யாரும் யோசிக்காத விஷயம், வீட்டுக்கு வீடியோ கால். கம்போடியா நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். வீட்டில் சாப்பாடு முடித்து ஒன்பது மணிக்குக் கணவர் கூப்பிட்டால் அங்கே பத்தரை. நாலு மணிக்கு எழுந்து சூரிய உதயம் பார்த்தவருக்கு அந்நேரம் பக்கத்துக் கட்டிலில் யாரோ சத்தமாகப் பேசினால் எப்படி இருக்கும்? வீட்டில் ஏழு மணிக்குள் பேசிவிடச் சொல்லுங்கள்.

படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் படத்தை உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடும் முன் அவரிடம் கேளுங்கள். சிலர் வீட்டில் மாமியாருக்கு வேறு மாதிரி சொல்லிவிட்டு வந்திருப்பார்கள், சுடிதார் போட்டிருப்பதே ஒரு விஷயமாகிவிடும்.

பணம். இதைத்தான் நீங்கள் மூன்று வரியில் கடந்துவிட்டீர்கள், எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது. உங்களுக்குச் சம்பளம் அதிகம், அவருடையது தனியார் பள்ளி, அதனால் "ஹோட்டல் நல்லதா போட்டு வித்தியாசத்த நானே குடுத்துடலாம்னு இருக்கேன், அவளுக்குத் தெரிய வேண்டாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். விலை இன்றைக்குக் கைப்பேசியில் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு அவர் எட்டு நாளும் ஒரு ஐஸ்கிரீம் வாங்கக்கூடத் தயங்குவார், அதற்குப் பதிலாக எதையாவது உங்களுக்கு வாங்கித்தர வேண்டும் என்று தன் சக்திக்கு மீறிச் செலவழிப்பார். ஹோட்டலை அவருடைய வசதிக்குத் தக்கபடி தேர்ந்தெடுங்கள். உங்களுக்குக் கொடுக்க ஆசையாக இருந்தால், ஒரே ஒரு பொருளைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள், "விமான டிக்கெட் என் பிறந்தநாளுக்கு நான் உனக்குத் தர்றது" என்று கிளம்பும் முன் சொல்லிவிட்டு, அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

அன்றாடச் செலவுக்கு ஒரு பொதுப் பை வையுங்கள். ஆளுக்கு 200 டாலர் போட்டுத் தொடங்குங்கள், டுக்டுக், தண்ணீர், சாப்பாடு எல்லாம் அதிலிருந்து, தீர்ந்தால் மறுபடி சமமாகப் போடுங்கள். சாமான் வாங்குவது அவரவர் பணம். பையை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். நாலு மாம்பழம் நான் வாங்கினேன் நீ வாங்கினாய் என்று எழுதிக்கொண்டிருந்தால் அதுவே ஒரு வேலையாகிவிடும். அங்கே டாலரும் செல்லும், அந்நாட்டுப் பணமான ரியெலும் செல்லும், ஒரு டாலருக்குச் சுமார் 4,000 ரியெல், சில்லறை பெரும்பாலும் ரியெலில்தான் வரும். கொஞ்சம் கிழிந்த டாலர் நோட்டைக்கூட வாங்க மாட்டார்கள், அதனால் இங்கே மாற்றும்போதே புது நோட்டாகப் பார்த்து வாங்குங்கள். நிறுவனம் மூலம் பேக்கேஜாக எடுப்பதாக இருந்தால் டிசிஎஸ் என்று வருமான வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள், அது பணம் கட்டியவருடைய பான் எண்ணில்தான் ஏறும். இருவருக்கும் சேர்த்து நீங்கள் ஒருவரே கட்டினால், அவர் பங்குக்குப் பிடித்த வரியும் உங்கள் கணக்கில்தான் வரவாகும், பிறகு அதைப் பிரித்துக் கொடுப்பது தலைவலி. அவரவர் பங்கை அவரவரே கட்டுங்கள்.

சாப்பாட்டில் சைவருக்குக் கம்போடியா கொஞ்சம் கடினம்தான், மறைப்பதற்கில்லை. காய்கறிக் குழம்பு என்று கேட்டாலும் அதில் மீன் சாஸ் இருக்கும், ப்ராஹோக் என்ற புளித்த மீன் விழுது பல குழம்புகளுக்கு அடிப்படை. "மீன் சாஸ் வேண்டாம், கறி வேண்டாம், முட்டை வேண்டாம்" என்று அந்நாட்டுக் கெமர் மொழியில் மொழிபெயர்த்து அவர் கைப்பேசியில் படமாக வைத்துக்கொள்ளட்டும். சியம் ரீப்பில் இந்திய உணவகங்கள் உண்டு, ஆனால் தினமும் அங்கேயே போனால் உங்களுக்கு அலுத்துவிடும். மதியம் தனித்தனியாகச் சாப்பிடுங்கள், இரவு ஒன்றாகச் சாப்பிடுங்கள். அவல், பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் எடுத்துப்போங்கள், அவருக்காக மட்டும் அல்ல, நாலாவது நாள் நீங்களும் கேட்பீர்கள்.

8 நாளில் இரண்டு நாள் தலைநகர் புனோம் பென்னுக்கு வைத்திருக்கிறீர்கள், துவோல் ஸ்லெங் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றி அவரிடம் முன்கூட்டியே முழுவதும் சொல்லுங்கள். 1975-லிருந்து 1979 வரை கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் சுமார் 15 முதல் 20 லட்சம் பேர் இறந்தார்கள். துவோல் ஸ்லெங் அவர்களுடைய சித்திரவதைச் சிறை, அதற்கு முன் அது ஒரு உயர்நிலைப் பள்ளி. வகுப்பறைகளைச் செங்கல் வைத்துத் தடுத்துக் கொட்டடிகளாக்கியிருக்கிறார்கள். தரை ஓடு, ஜன்னல், தாழ்வாரம் எல்லாம் நம்மூர்ப் பள்ளிக்கூடம் மாதிரியே இருக்கும். என் குழுவில் வந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை முதல் அறையிலேயே திரும்பி வெளியே வந்துவிட்டார். அவருடைய தோழி உள்ளே போக எவ்வளவோ ஆசைப்பட்டு வந்தவர், ஆனாலும் வெளியே வந்து முற்றத்தில் மரத்தடி பெஞ்சில் அவரோடு உட்கார்ந்துகொண்டார். அரை மணி கழித்து அந்த ஆசிரியையே, "நீ போய்ப் பாத்துட்டு வா, நான் இங்க இருக்கேன்" என்று அனுப்பிவைத்தார், இவர் போனார். அந்தப் பெரியவர்கள் இருவருக்கும் இவர்களுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான், போ என்று சொன்னபோது இவர் அதை நம்பிப் போனார். உங்கள் தோழியும் ஆசிரியை என்பதால் இதைச் சொல்கிறேன். வரவில்லை என்றால் அன்று காலை அவர் ஆற்றங்கரையில் இருக்கட்டும்.

உடம்புக்கு முடியாமல் போனால் என்ன என்று நீங்கள் கேட்கவே இல்லை, நானே சொல்கிறேன். பயணக் காப்பீடு ஆளுக்கு ஒன்று, சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் எழுதி எடுங்கள். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் அங்கிருந்து பாங்காக்குக்குக் கொண்டுபோவது வழக்கம், அந்தச் செலவு பாலிசியில் அடங்குமா என்று பாருங்கள். இன்னொன்றையும் படித்துப் பாருங்கள். பல பாலிசிகளில் உடன் தங்குபவருக்கான செலவு, பயணத்தைப் பாதியில் நிறுத்தினால் கிடைக்கும் தொகை இதெல்லாம் "குடும்பத்தினர்" என்ற சொல்லைச் சுற்றியே எழுதப்பட்டிருக்கும். 45 வருட நட்பானாலும் அந்தக் காகிதத்தில் நீங்கள் அவருக்கு யாரும் இல்லை. அவருடைய மாத்திரைப் பட்டியல், மருத்துவச் சீட்டு, கணவர் மற்றும் பிள்ளையின் எண்கள் உங்களிடமும், உங்களுடையவை அவரிடமும் இருக்க வேண்டும். மூட்டு வலியைக் கேட்க மறக்காதீர்கள்.

இப்போது நாத்தனார் சொன்னதற்கு. எதில் எனக்குச் சந்தேகமே இல்லை என்றால், தூக்கம், பசி, பணம் இந்த மூன்றும் தகராறை உண்டாக்கும், அதிலும் மூன்றாவது நாலாவது நாளில், மதிய சாப்பாட்டுக்கு முன்னால். எனக்கு உறுதியாகத் தெரியாதது, அந்தத் தகராறு நட்பை முறிக்குமா என்பது. பயணம் முடிந்து இரண்டு வருடம் பேசாமல் இருந்த ஒரு ஜோடியை எனக்குத் தெரியும். ஆனால் அவர்களுக்குள் ஏற்கெனவே ஒரு கைமாற்று விவகாரம் இருந்தது பின்னால்தான் தெரிந்தது, பயணம்தான் காரணமா, பழைய விரிசல் அங்கே வெளியே தெரிந்ததா என்று யாரால் சொல்ல முடியும்? தீராத மனத்தாங்கல் ஏதாவது இருந்தால், அதை இங்கேயே பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள், வெளிநாட்டில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று வைக்காதீர்கள். அவர் உங்கள் வற்புறுத்தலுக்காகத்தான் சரி என்றார் என்று தோன்றினாலும் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள்.

சண்டை வந்தால் முதலில் சாப்பிடுங்கள், பிறகு பேசுங்கள். முக்கியமாக அந்த நேரத்தில் கணவருக்கோ நாத்தனாருக்கோ போன் போட்டு அவரைப் பற்றிக் குறை சொல்லாதீர்கள். நீங்கள் இருவரும் சாயங்காலம் சமாதானமாகிவிடுவீர்கள், ஆனால் உங்கள் வீட்டில் அதைப் பத்து வருடம் கழித்தும் ஞாபகம் வைத்திருப்பார்கள். அதற்கப்புறம் அவர் உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வரும்போது அவரைப் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கும். இப்படி நடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வழி பற்றிச் சுருக்கமாக. திருச்சியிலிருந்து கோலாலம்பூர் போய் அங்கே விமானம் மாறிச் சியம் ரீப் போவது உங்களுக்கு வசதி. இரண்டையும் ஒரே டிக்கெட்டாக எடுக்காமல் தனித்தனியாக எடுத்தால், கோலாலம்பூரில் குடியேற்றம் தாண்டிப் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும், அதற்கு மலேசியாவின் இணையவழி வருகை அட்டையையும் முன்பே நிரப்ப வேண்டும். முதல் தடவை வருபவரை வைத்துக்கொண்டு அந்த ஓட்டம் வேண்டாம், கொஞ்சம் அதிகமானாலும் ஒரே டிக்கெட்டாகப் பாருங்கள். சியம் ரீப்பின் புது விமான நிலையம் 2023 அக்டோபரில் திறந்தது, ஊரிலிருந்து வெகு தூரம், வண்டிக்கு முன்பே சொல்லிவையுங்கள். தாய்லாந்து போய்த் தரைவழியாக எல்லை தாண்டலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். 2025-ல் இரு நாட்டுக்கும் எல்லையில் சண்டை மூண்டு தரைவழிக் கடவுகள் மூடப்பட்டன, நிலைமை மாறிக்கொண்டே இருப்பதால் டிக்கெட் போடும் முன் இந்திய வெளியுறவுத் துறையின் அறிவிப்பைப் பாருங்கள். விசா கட்டணமும் அப்படித்தான், அரசு தளத்தில் அன்றைக்கு என்ன போட்டிருக்கிறதோ அதுதான்.

நாள் வாரியான திட்டத்தை இப்போது எழுதவில்லை, காரணம் அதில் பாதியை அவர்தான் சொல்ல வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் போன் போட்டு, எத்தனை மணிக்கு எழுவார், என்ன மாத்திரை போடுகிறார், முழங்கால் எப்படி, எவ்வளவு பணம் தாராளமாகச் செலவழிக்க முடியும், எதைப் பார்க்க அவருக்கு ஆசை, இந்த ஐந்தையும் கேளுங்கள். உங்களுடைய ஐந்து பதிலையும் அவரிடம் சொல்லுங்கள். இரண்டு பேருடைய பதிலையும் இங்கே எழுதினால் உட்கார்ந்து திட்டம் போட்டுத் தருகிறேன்.